அணைக்க மறந்த விளக்கு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிப்பொறி அறிவியல் மாணவி)

சிறு துளி பெருவெள்ளம் என்பது பழமொழி. சேமிப்பின் சிறப்பைக் கூறும்போதெல்லாம் நம் ஆசிரியப் பெருமக்கள் இதனை எடுத்துரைப்பர். அதே பழமொழி செலவுக்கும் பொருந்தும் என்பதை 2025-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில்தான் நான் அறிந்தேன். அதுவும் என் சொந்தத் தவற்றின் மூலம் அறிந்தேன். வெட்கப்பட வேண்டிய செய்தியை ஆண்டு மலரில் எழுதலாமா என்று பலமுறை தயங்கினேன். நாளை நீங்களும் இத்தகைய நிறுவனங்களில் வேலைக்குச் செல்லப் போகிறவர்கள்தாமே! என் தவறு உங்களுக்குப் பாடமாகட்டும் என்ற எண்ணத்தில் எழுதத் துணிந்தேன்.

என் தந்தையார் விசைத்தறித் தொழிலாளி. தாயார் வீட்டிலிருந்தபடியே தார் சுற்றுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டுமே தெரியும். ஆனால் மின்சாரக் கணக்கில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. இரண்டு மாதத்திற்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை என்னும் ஏற்பாடு 2016-இல் வந்ததிலிருந்து, அந்த நூற்றைத் தாண்டிவிடக் கூடாது என்பதே அவர் நோன்பு. ஆளில்லாத அறையில் விளக்கெரிந்தால், “அந்த வெளிச்சத்துல யாரு இருக்கா?” என்று கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்டே வளர்ந்தவள் நான். அப்படி வளர்ந்த நானே ஒரு விளக்கை அணைக்க மறந்தேன் என்பதுதான் இக்கட்டுரையின் செய்தி.

முதல் ஆண்டுத் தேர்வு முடிந்ததும், எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரின் பரிந்துரையால், கோவையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் நாற்பத்தைந்து நாள் பயிற்சி பெறும் வாய்ப்புக் கிட்டியது. மொத்தம் பதினான்கு பேர் வேலை செய்யும் இடம். பின்னலாடைத் துணியில் விழும் ஓட்டை, எண்ணெய்க் கறை, நூலறுந்த கோடு முதலிய குறைகளைப் புகைப்படத்தைக் கொண்டே கண்டுபிடிக்கும் மென்பொருளை அவர்கள் செய்து வந்தனர். ஆயிரக்கணக்கான துணிப் படங்களைப் பார்த்து, குறையுள்ளது எது, குறையற்றது எது என்று பிரித்து வைப்பது என் வேலை. பிரித்த படங்களைக் கணிப்பொறிக்குப் பயிற்றுவிக்கும் வேலையை அங்கிருந்த அண்ணன் ஒருவர் எனக்குப் பொறுமையுடன் கற்றுக் கொடுத்தார்.

வானத்தில் இல்லாத மேகம்

இத்தகைய பயிற்றுவிப்புக்கு நம் ஆய்வகத்திலுள்ளது போன்ற கணிப்பொறி போதாது. மிகுந்த ஆற்றலுள்ள ஜி.பி.யூ. பொறி வேண்டும். அதை விலை கொடுத்து வாங்கச் சிறு நிறுவனங்களால் இயலாது. ஆகவே வாடகைக்கு எடுக்கின்றனர். இதற்குத்தான் ‘கிளவுட்’ என்று பெயர். தமிழில் மேகக் கணிமை என்பர். பெயர்தான் மேகமே தவிர, அது தரையில்தான் இருக்கிறது. பெரிய கூடங்களில் அடுக்கடுக்காக வைத்திருக்கும் கணிப்பொறிகளை இணையத்தின் வழியே நமக்கு வாடகைக்கு விடுகின்றனர். அமெசான் நிறுவனம் 2006-இல் இவ்வாறு வாடகைக்கு விடத் தொடங்கியது. மும்பையில் 2016-இலும், ஐதராபாத்தில் 2022-இலும் அதன் கூடங்கள் செயல்படத் தொடங்கின. முன்பெல்லாம் மணிக் கணக்கில் வாங்கிய வாடகையை, 2017 அக்டோபர் 2 முதல் லினக்ஸ் பொறிகளுக்கு விநாடிக் கணக்கில் வாங்குகின்றனர்.

விநாடிக் கணக்கு என்றதும், ‘பயன்படுத்தியதற்கு மட்டும் பணம், எவ்வளவு சிக்கனம்!’ என்று எனக்குத் தோன்றியது. உண்மையில் அது பயன்படுத்தியதற்குப் பணமன்று. திறந்து வைத்ததற்குப் பணம். நாம் அதில் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும், நிறுத்தும் வரை மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்றையும் இங்கே சிந்திக்க வேண்டும். நம் கல்லூரிக்கு ஒரு கணிப்பொறி வாங்க வேண்டுமானால் என்ன நடக்கிறது? விலைப்புள்ளி கேட்கிறார்கள். கோப்பு மேசை மேசையாக நகர்கிறது. கையொப்பங்கள் விழுகின்றன. கணிப்பொறி வந்து சேருவதற்குள் அதைக் கேட்ட மாணவர் பட்டம் பெற்றுப் போய்விடுகிறார்! இதை நாம் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறோம். ஆனால் அந்தத் தாமதத்துக்குள் ஒரு காவலும் இருக்கிறது. யார் கேட்டார், எதற்காகக் கேட்டார், யார் அனுமதித்தார் என்ற மூன்றும் காகிதத்தில் இருக்கின்றன. கிளவுட்டிலோ ஒரு பொத்தானை அழுத்தினால் இரண்டு நிமிடத்தில் பொறி தயார். வாங்கும் அதிகாரம் விரல் நுனிக்கு வந்துவிட்டது. கணக்குக் கேட்கும் முறை மட்டும் உடன் வரவில்லை. அதைத் தனியே நாம்தான் அமைத்துக் கொள்ள வேண்டும். நான் பயிற்சிக்குச் சென்ற நிறுவனத்தில் அப்போது அது அமையவில்லை. எல்லோருக்கும் ஒரே பயனர் பெயர், ஒரே கடவுச்சொல்!

இருநூற்று முப்பத்திரண்டு மணி நேரம்

மே 23, வெள்ளிக்கிழமை. எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவுக்காக விடுப்புப் பெற்றிருந்தேன். மாலை ஆறு மணிக்குப் பேருந்து நிலையத்துக்கு ஓடும் அவசரத்தில், அன்று பிற்பகல் நான் தொடங்கி வைத்த ஜி.பி.யூ. பொறியை நிறுத்தாமல் மடிக்கணிப்பொறியை மட்டும் மூடிவிட்டுப் புறப்பட்டேன். மூடியை மூடினால் எல்லாம் நின்றுவிடும் என்ற பழைய நினைப்பு! ஊரில் தேர் ஓடியது; மஞ்சள் நீர் விளையாடினோம்; உறவினர் வந்து போயினர். அத்தனை நாளும், இரவு பகலென்றில்லாமல், ஒருவரும் இல்லாத அறையில் அந்த விளக்கு எரிந்து கொண்டிருந்தது.

ஜூன் 2, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நிறுவனத்துக்குள் நுழைந்தேன். மாதம் பிறந்ததும் செலவுக் கணக்கைத் திறந்து பார்ப்பது நிறுவனத் தலைவரின் வழக்கம். அவர் முகம் சிவந்திருந்தது. “யாரு ஓட்டுனது இது?” என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரே கடவுச்சொல் ஆகையால் கணக்கேட்டில் பெயரும் இல்லை. அந்த வகைப் பொறியை அடிக்கடி பயன்படுத்துகிறவர் எனக்குக் கற்றுக் கொடுத்த அண்ணன்தான். அவருக்கு அடுத்த வாரம் திருமணம்.

“ஏந்தம்பி, கல்யாண அவசரத்துல மறந்துட்டயா?”

“இல்லைங்க சார்... நிறுத்துன மாதிரிதான் ஞாபகம்.”

எழுத்தில் ஒன்றும் இல்லாததால், தாம் செய்யாத தவற்றைத் தாமே செய்திருப்போமோ என்று அவர் ஐயப்பட்டார். அந்தத் தடுமாற்றத்தை என் கண்ணால் கண்டேன். தலைவர் எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கடிந்து பேசினார். நான் சுவரோரம் நின்று கேட்டுக் கொண்டிருந்தேன்.

என் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மொத்தம் 232 மணி நேரம். மணிக்கு ஏறத்தாழ 4 டாலர். ஆக 928 டாலர். நம் பணத்தில் ஏறக்குறைய 79,000 ரூபாய். அது என் தந்தையாரின் ஆறு மாதக் கூலி! கட்டச் சொன்னால் எங்கே போவது? படிப்பை நிறுத்தி விடுவார்களோ? பரிந்துரை செய்த பேராசிரியரின் முகத்தில் எப்படி விழிப்பது? இப்படியெல்லாம் எண்ணி நண்பகல் வரை வாயடைத்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் மிகவும் வெறுக்கும் மூன்று மணி நேரம் அதுதான். பொறியை நிறுத்த மறந்தது மறதி. இந்த மூன்று மணி நேரத்தை மறதி என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

உணவு இடைவேளையில் அண்ணன் தம் சோற்று டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். எழுந்து தலைவரின் அறைக்குச் சென்றேன். “சார், அண்ணன் இல்லைங்க. நான்தானுங்க. ஊருக்குப் போற அவசரத்துல நிறுத்தாம போயிட்டேனுங்க” என்று சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “காலைலயே சொல்லியிருந்தா அவனைத் திட்டியிருக்க மாட்டேனே, அம்மணி” என்றார். பணத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அதனால்தான் அந்தச் சொல் இன்றளவும் உறுத்துகிறது. அண்ணனை அழைத்து என் முன்னிலையிலேயே வருத்தம் தெரிவித்தார். பின் எங்கள் இருவரையும் பார்த்து, “மறக்கறது மனுசன் இயல்பு. மறக்காத மாதிரி ஒரு ஏற்பாடு பண்ணுங்க. யாரு மேலயும் சந்தேகப்படற நிலைமை இனி வரக்கூடாது” என்றார்.

மறக்காத காவலன்

அன்று முதல் நாங்கள் செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பயனர் பெயர். அடுத்தது பெயர்ச்சீட்டு, ஆங்கிலத்தில் ‘டேக்’ என்பர். ஒவ்வொரு பொறியின் மீதும் யாருடையது, எந்த வேலைக்கு, எந்தத் தேதி வரை என்ற மூன்றும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஒட்டுங்கள் என்று வேண்டிக் கொண்டால் நாலு நாள் ஒட்டுவோம். ஐந்தாம் நாள் மறப்போம். ஆகவே சீட்டு இல்லாத பொறியைத் தொடங்கவே முடியாதபடி கதவிலேயே தடுத்தோம். அமெசானில் இதற்கு ‘சர்வீஸ் கண்ட்ரோல் பாலிசி’ என்று ஓர் ஏற்பாடு உண்டு. சீட்டின்றிப் பொத்தானை அழுத்தினால் ‘அனுமதியில்லை’ என்று பதில் வரும். விதி என்பது சுவரில் ஒட்டிய அறிவிப்பாக இல்லாமல், கதவின் பூட்டாகவே ஆகிவிடுகிறது.

மூன்றாவது எச்சரிக்கை மணி. மாதச் செலவுக்கு ஒரு வரம்பு வைத்து, அதில் பாதி, நூற்றுக்கு எண்பது, முழுவதும் என மூன்று நிலைகளில் மின்னஞ்சல் வரச் செய்தோம். இதோடு போதும் என்றே நான் நினைத்தேன். அண்ணன்தான் விளக்கினார்: அந்தச் செலவுக் கணக்கு உடனுக்குடன் வருவதில்லை, நாளொன்றுக்கு மூன்று முறை அளவில்தான் புதுப்பிக்கப்படுகிறது. தவிரவும், மணி அடிப்பதோடு அதன் வேலை முடிந்தது. தானே எழுந்து எதையும் நிறுத்தாது. இரண்டு மாதத்திற்கு ஒருமுறை மீட்டர் பார்க்க வருபவரை நம்பி எங்கள் அம்மா விளக்கை எரிய விடுவாரா? மாட்டார். தாமே அணைப்பார். எங்களுக்கும் அணைக்கும் கை ஒன்று வேண்டியிருந்தது.

அந்தக் கைதான் நான்காவது. ‘கிளவுட் கஸ்டோடியன்’ என்றொரு மென்பொருள் உண்டு. அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கியில் உருவாக்கி, 2016-இல் யாவரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி வெளியிட்டனர். இதில் விதி எழுதுவது மிக எளிது. எந்த வகைப் பொருள், அதில் எவை எவை, அவற்றை என்ன செய்வது என்று மூன்று பகுதியாக எழுத வேண்டும். ‘பொறிகளில், இரவிலும் தேவை என்ற சீட்டு இல்லாதவற்றை, இரவு எட்டு மணிக்கு நிறுத்துக’ என்பது நாங்கள் எழுதிய முதல் விதி.

இதன் பயனைச் சிறு கணக்கால் அறியலாம். வாரத்திற்கு 168 மணி நேரம். அலுவலக நேரம் நாளொன்றுக்கு 11 மணி வீதம் ஆறு நாளைக்கு 66 மணி. மீதி 102 மணி நேரம், அதாவது நூற்றுக்கு அறுபது பங்கு, ஆளில்லாத அறையில் எரியும் விளக்கே!

விளக்கை அணைத்தாலும் முழுச் செலவும் நிற்காது என்பதையும் கற்றுக் கொண்டேன். பொறியை நிறுத்தினாலும் அதன் வட்டுக்கு வாடகை உண்டு. பொது இணைய முகவரிக்கு 2024 பிப்ரவரி 1 முதல் அமெசான் மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறது. கேட்பதற்கு அரைக்காசுதான், ஒரு முகவரிக்கு மாதம் 3.60 டாலர் ஆகிவிடும். யாருக்கும் தேவைப்படாமல் நிலையாகப் பிடித்து வைத்திருந்த முகவரிகளையும், பொறி போன பின்னும் கிடந்த வட்டுகளையும் தேட ஒரு விதி எழுதினோம். அவற்றை உடனே அழிக்கவில்லை. முதலில் அடையாளமிட்டு, உரியவருக்கு மடல் அனுப்பி, ஒரு வாரம் கழித்தும் எவரும் கேட்காவிட்டால் நீக்கும்படி வைத்தோம்.

காவலனுக்கும் கண் வேண்டும்

இத்துடன் கதை முடிந்திருந்தால் நான் வெற்றி விழாக் கொண்டாடியிருப்பேன். ஆனால் இரண்டாவது தவறு காத்திருந்தது.

இரவு எட்டு மணி விதியை நடைமுறைப்படுத்தும் முன், அது யார் யாரை நிறுத்தும் என்று ஒத்திகை பார்க்கும் வசதி கஸ்டோடியனில் உண்டு. ஒத்திகையை நான்தான் ஓட்டினேன். ஒன்பது பொறிகளின் பட்டியல் வந்தது. ‘ஒன்பதா, சரி’ என்று எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு விதியை இயக்கினேன்.

அன்றிரவு ஒன்பது மணிக்கு அண்ணனுக்குத் தொலைபேசி வந்தது. வாடிக்கையாளரான ஒரு பின்னலாடை ஆலையில் இரவுப் பணியின்போது துணியைச் சோதிக்கும் மென்பொருள் நின்றுவிட்டது! அந்தப் பொறிக்கு இரவுச் சீட்டு இருக்கத்தான் செய்தது. ஆனால் ஆங்கிலத்தில் ‘நைட்’ என்பதன் முதல் எழுத்தை ஒருவர் பெரிய எழுத்தாக அடித்திருந்தார். என் விதியோ சிறிய எழுத்தைத் தேடியது. நமக்கு இரண்டும் ஒன்று. பொறிக்கு இரண்டும் வேறு வேறு. ஒத்திகைப் பட்டியலின் ஐந்தாவது வரியில் அந்த ஆலைப் பொறியின் பெயர் இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். பட்டியலை ஓட்டினேன், படிக்கவில்லை.

ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் துணி தேங்கி நின்றதாம். தறித் தொழிலாளியின் மகளுக்கு இரவுப் பணி இன்னதென்று தெரியாதா? மின்சாரம் நின்றால் ஓடாத மீட்டருக்குக் கூலி இல்லை என்று எத்தனை இரவு அப்பா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்! இம்முறை நண்பகல் வரை காத்திராமல் அந்த இரவிலேயே தலைவருக்குத் தொலைபேசியில் உண்மையைச் சொன்னேன். அடுத்து வீட்டுக்கும் பேசினேன். எல்லாம் கேட்டுவிட்டு அப்பா சொன்னார்: “ஓடுற தறிய நிறுத்தறதுக்கு முன்னால ஓட்டறவங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கோணும், கண்ணு.”

கணிப்பொறியைத் தொட்டறியாத என் தந்தையாரின் அந்த வாக்கியத்தை அப்படியே விதியாக்கினோம். ஒரு மணி நேரம் முன்னதாக, ஏழு மணிக்கே, சீட்டிலுள்ள பெயருக்குரியவருக்குச் செய்தி போகும். அவர் ‘வேண்டும்’ என்று பதில் அனுப்பினால் காலை வரை பொறி ஓடும். சீட்டில் கண்டபடி எழுத முடியாது. குறித்து வைத்த சில சொற்களுள் ஒன்றைத்தான் எழுத முடியும். விலக்குப் பெற்ற பொறிகளின் பட்டியலை வாரந்தோறும் ஒருவர் கண்ணால் படித்துக் கையொப்பமிட வேண்டும். புதிய விதி எதுவாயினும் அதன் ஒத்திகைப் பட்டியலை, விதியை எழுதாத வேறொருவர் வரி வரியாகப் படிக்க வேண்டும்.

கிளவுட் செலவைப் பேணுவதற்கென்றே ‘ஃபின்ஆப்ஸ்’ என்றொரு துறை வளர்ந்திருக்கிறது. அதற்கென 2019-இல் ஓர் அமைப்பு தோன்றி, 2020-இல் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ்ச் சேர்ந்தது. கணக்குத் துறையினரும் பொறியாளரும் ஒரே மேசையில் அமர வேண்டும் என்பது அத்துறையின் அடிப்படை. நமக்கு வேலை வாய்ப்புள்ள துறை இது என்பதையும் நண்பர்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

தானியங்கி விதி என்றால் மனிதனை நம்பாமை என்று சிலர் கருதுகின்றனர். நானும் முதலில் அவ்வாறே கருதினேன். இன்று என் கருத்து வேறு. அன்று அந்த ஒரு சீட்டு இருந்திருந்தால், செய்யாத தவற்றுக்காக ஒருவர் தலை குனிந்திருக்க மாட்டார். இரவு எட்டு மணி விதி இருந்திருந்தால், என் மறதியின் விலை 79,000 ரூபாயாக இல்லாமல் எட்டு டாலரோடு போயிருக்கும். நானும் மூன்று மணி நேரம் கோழையாக நின்றிருக்க மாட்டேன். நல்ல விதி மறதியின் விலையைக் குறைக்கிறது, நிரபராதியைக் காக்கிறது. ஆனால் அந்த விதியை எழுதியவர், அது யாரை நிறுத்தப் போகிறது என்று படித்துப் பார்க்கவில்லையானால், அதே விதி இருட்டில் யாரோ ஒருவருடைய தறியை நிறுத்திவிடும்.

பயிற்சி முடிந்து வீடு திரும்பிய அன்று அம்மாவிடம் முழுவதையும் சொன்னேன். தொகையைக் கேட்டு நெஞ்சில் கை வைத்துக் கொண்டார். பிறகு, “அந்தப் பையன் கல்யாணத்துக்குப் போனியா?” என்று கேட்டார். போனேன். முன் வரிசையில் நின்று அட்சதை போட்டேன்.

மாணவ நண்பர்களே! நம் கணிப்பொறி ஆய்வகத்தின் வாசலில் ஒரு பதிவேடு இருக்கிறது. பெயர், பொறி எண், வந்த நேரம், சென்ற நேரம் என்று நான்கு கட்டங்கள். முதல் மூன்றையும் நிரப்பிவிட்டு நான்காவதை விட்டுவிட்டு ஓடுவது நம் வழக்கம். நானும் ஓராண்டு முழுவதும் அப்படித்தான் ஓடினேன். இப்போது திரும்பி வந்து, பொறி அணைந்திருக்கிறதா என்று பார்த்து, நான்காவது கட்டத்தையும் நிரப்பிவிட்டே மணியடிக்கும் வகுப்புக்குப் போகிறேன். தாமதமாக வருவதற்காக விரிவுரையாளர்கள் என்னை மன்னிப்பார்களாக!